எல்லா அம்மன்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளா?

குளச்சல் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: "மண்டைக்காட்டில் அம்மன் புற்றாக இருக்கிறாள். குமரியில் கன்னியாக நிற்கிறாள். துருக்கியில் எட்டாயிரம் வருடத்துக்கு முன்பே இரண்டு சிறுத்தைகளுக்கு நடுவில் ஒரு அம்மன் உட்கார்ந்திருக்கிறாள். எகிப்தில் ஐசிஸ், பாபிலோனில் இஷ்தார். இவர்கள் எல்லாருக்கும் மூலம் ஒன்றுதானா? அந்த மூலம் கடல் கொண்ட குமரிக்கண்டமா? எங்கள் ஊர் மாதாவையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?"

ஒரே மூலம் இருந்ததற்குச் சான்று இல்லை. அதற்காக எல்லாம் தற்செயல் என்று சொல்லிவிடவும் முடியாது. சில அம்மன்கள் உண்மையாகவே நாடு விட்டு நாடு போயிருக்கிறார்கள், போன வழிகூடத் தெரியும். வேறு சிலர் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே மாதிரி ஆனவர்கள். அப்புறம் மூன்றாவதாக ஒன்று உண்டு, எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காரணத்தால் பிறந்த தெய்வங்கள் நாளடைவில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இன்று நம் கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமையில் பெரும்பகுதி அந்தக் கலப்பில் வந்தது. பிறகு வந்ததைத் தொடக்கத்திலேயே இருந்ததாக எடுத்துக்கொண்டால் ஒரே தாய், ஒரே மூலம் என்றுதான் தோன்றும்.

இதைப் பார்க்க துருக்கிக்குப் போக வேண்டாம். நம் கன்னியாகுமரி மாவட்டமே போதும்.

முதலில் குமரி. கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்திலிருந்து வியாபாரத்துக்கு வந்துபோன, பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் கடல்வழிக் கையேடு ஒன்று எழுதி வைத்தார். 'பெரிப்ளூஸ்' என்பார்கள். அதில் கொமரி என்ற முனையும் துறையும் வருகின்றன. மிச்ச வாழ்நாளை நோன்புக்குக் கொடுக்க நினைக்கும் ஆண்கள் அங்கே வந்து நீராடி, மணம் செய்யாமல் தங்குகிறார்கள், பெண்களும் அப்படியே செய்கிறார்கள், முன்னொரு காலத்தில் ஒரு பெண் தெய்வம் அங்கே தங்கி நீராடியதாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சாட்சி. இதில் தாய், பிள்ளை, விளைச்சல் எதுவும் இல்லை. கன்னி, நீராட்டு, நோன்பு, இவ்வளவுதான். இன்றும் கருவறையில் நிற்பவள் கையில் ஜபமாலைதான். பாணாசுரனைக் கன்னி ஒருத்திதான் கொல்ல முடியும், அதனால் சுசீந்திரத்து மாப்பிள்ளை வரும் வழியில் சேவல் கூவிவிட்டது, கல்யாணம் நின்றுபோனது, சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது கதை. (அந்தச் சிவப்பும் கறுப்புமான மணல் கார்னெட்டும் இல்மனைட்டும். மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்க ஆலையே இருக்கிறது.) எப்படிப் பார்த்தாலும் இவள் தாயாகாமல் போன தெய்வம். அந்த ஆகாமை இல்லாவிட்டால் கதையே இல்லை.

மண்டைக்காடு வேறு. அங்கே அம்மன் சிலையாக நிற்கவில்லை. மண்ணிலிருந்து எழும்பிய புற்றுதான் அம்மன், சுமார் பதினைந்து அடி உயரம். புற்றில் அடிபட்ட இடத்தில் இரத்தம் கசிந்தது, சந்தனம் பூசி ஆற்றினார்கள் என்பது தலப்பழமை. மாசிக் கொடைக்குக் கேரளத்திலிருந்தும் பெண்கள் இருமுடி கட்டி வருகிறார்கள். தலைவலி தீர மண்டையப்பம் நேர்ந்துகொள்கிறார்கள். இங்கே மூலம் மண்ணும் புற்றும்.

சிதறால் இன்னும் வேறு. மார்த்தாண்டத்துக்கு அப்பால் இருக்கும் அந்தக் குன்றுக்குக் கல்வெட்டில் திருச்சாரணத்து மலை என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், அது சமணர் தலம். பாறையில் தீர்த்தங்கரர்களோடு பத்மாவதி, அம்பிகை என்ற யட்சிகளையும் (தீர்த்தங்கரர்களுக்குக் காவலாக நிற்கும் பெண் தெய்வங்கள்) செதுக்கியிருக்கிறார்கள். குணந்தாங்கிக் குரத்தியார் என்ற சமணப் பெண் துறவி அங்கே பொன் அணிகலன் கொடுத்த செய்தியும் கல்வெட்டில் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டுக்கு வரும்போது அது பகவதி கோயில். சமணம் போய்விட்டது, யட்சி போகவில்லை. அதே இடத்தில் பகவதியாக உட்கார்ந்துகொண்டாள்.

இசக்கிக்கு வருவோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தல் இசக்கி. அவளைத் தவிர ஊருக்கு ஊர், விளைக்கு விளை, வேம்படியிலும் பனையடியிலும் எத்தனை இசக்கிகள் என்று யாரும் எண்ணி முடிக்க முடியாது. ஒரு பக்கம் சமணர்களின் யட்சி இவளுக்குள் இருக்கிறாள். அதைச் சிதறாலிலிருந்தே பிடித்துக்கொண்டு வரலாம். இன்னொரு பக்கம், வில்லுப்பாட்டில் கேட்கும் கதை ஆணால் ஏமாற்றப்பட்டுக் கொலையான பெண்ணின் கதை. கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொன்றவனைத் தேடி வருகிறாள். சிலையில் ஒரு கையில் குழந்தை, சில இடங்களில் வாயில் கடித்தபடி இன்னொரு குழந்தை. அவளிடமே போய்ப் பெண்கள் சுகப்பிரசவத்துக்கு வேண்டுகிறார்கள். இவளைத் தாய்த்தெய்வம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கினால் பாதி இசக்கி வெளியே நிற்பாள்.

கேரள எல்லையை ஒட்டிக் கொல்லங்கோட்டில் பத்ரகாளி. அது தாரிகன் என்ற அசுரனைக் கொன்ற காளியின் மரபு. மீன பரணிக்கு நேர்ச்சைக்காரர்கள் கைக்குழந்தைகளைக் கையில் ஏந்தி உயரத்தில் தொங்கியபடி போகும் 'தூக்கம்' என்ற சடங்கைப் பார்த்திருப்பீர்கள்.

ஆக, தமிழ்நாட்டின் சிறிய மாவட்டங்களில் ஒன்றில், ஒரே நாளில் பேருந்தில் பார்த்து முடிக்கக்கூடிய தூரத்தில், ஐந்து வகைத் தோற்றம்: கடல்முனைக் கன்னி, புற்று, சமண யட்சி, கொலையுண்ட பெண், போர்க்காளி. ஆனால் இன்றைய பக்தரிடம் கேட்டால் எல்லாம் பகவதிதான், எல்லாம் அம்மன்தான், எல்லாம் பராசக்தியின் உருவம்தான். பக்தருக்கு அது உண்மை. நானும் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் வரலாறு கேட்கும்போது அந்த ஒருமை எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒரே ஆறுதான் தெரியும். கோதையாறும் பறளியாறும் தனித்தனியே இறங்கி வந்தவை என்பது மேலே போனால்தான் தெரியும்.

இனி உலகக் கதை. ஒரே மகா தாய் என்ற கருத்து நாம் நினைக்கிற அளவு பழையதல்ல. 1861ல் பாகோஃபென் என்ற சுவிட்சர்லாந்துச் சட்ட அறிஞர், மனிதகுலம் முதலில் தாய் ஆட்சியில் இருந்தது, பிறகுதான் தகப்பன் ஆட்சி வந்தது என்று எழுதினார். அகழாய்வு எதுவும் இல்லை, கிரேக்க, ரோமானியக் கதைகளைப் படித்து எடுத்த முடிவு. 1900க்குப் பிறகு கிரீட் தீவில் கனாசஸ் அரண்மனையைத் தோண்டிய ஆர்தர் எவான்ஸ், பாம்பைப் பிடித்த பெண் சிலைகளைக் கண்டதும் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் பார்த்தார். உடைந்து கிடந்ததை ஒட்டி, இல்லாத பாகங்களைச் செய்து சேர்த்தபோது அவர் மனதில் இருந்த தெய்வமும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. 1960களில் ஜேம்ஸ் மெல்லார்ட் துருக்கியின் சாதல்ஹூயூக்கைத் தோண்டினார். நீங்கள் சொன்ன சிறுத்தை அம்மன் அங்கே 1961ல் தானியக் குதிருக்குள் கிடைத்தவள். ஒரு செய்தி சொல்கிறேன்: படத்தில் பார்க்கிறீர்களே அந்தத் தலை, அது பிற்காலத்தில் செய்து பொருத்தியது. கிடைத்தபோது தலை இல்லை.

அதே இடத்தை 1993 முதல் இயன் ஹாடரின் குழு இருபத்தைந்து வருடம் பொறுமையாகத் தோண்டியது. கிடைத்த சிற்றுருவங்களில் பெரும்பாலானவை விலங்குகள். பல குப்பைக் குழியிலும் சுவர் இடுக்கிலும் கிடந்தவை. பூசைக்குரிய இடத்தில் வைத்துக் கும்பிட்டதற்கு அடையாளம் மிகக் குறைவு. 2016ல் முழுதாகக் கிடைத்த ஒரு கற்சிலையை, ஊரில் மதிப்புப் பெற்ற வயதான பெண்ணாக இருக்கலாம் என்றுதான் அந்தக் குழு சொன்னது. சரி, அப்படியானால் அங்கே பெண்ணுக்குத் தனி இடம் இல்லையா என்றால், 2025ல் வெளியான மரபணு ஆய்வு மறுபடி யோசிக்க வைக்கிறது. ஒரே வீட்டின் தரைக்கடியில் புதைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தாய்வழியில் உறவானவர்கள். பெண் குழந்தைகளின் குழிகளில் பொருள்கள் அதிகம். தாய்வழிக் குடும்பம் இருந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. தாய்த்தெய்வம் இருந்ததற்கு அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிசைவதுதான் பாகோஃபென் காலத்திலிருந்து தொடரும் பழக்கம்.

இதில் மரியா கிம்புட்டாஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தொல்லியலாளர். அவர் இரண்டு பெரிய கருத்துகளைச் சொன்னார். ஒன்று, கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளியிலிருந்து மேய்ச்சல்காரர்கள் கிளம்பி ஐரோப்பாவுக்குள் வந்தார்கள், இந்தோ-ஐரோப்பிய மொழிகள் அவர்களோடு வந்தன. இரண்டு, அவர்கள் வருவதற்கு முன் இருந்த பழைய ஐரோப்பா பெண் தெய்வத்தைக் கும்பிட்ட, சண்டை தெரியாத சமூகம். முதல் கருத்துக்கு 2015ல் வந்த பழைய மரபணு ஆய்வுகள் வலுவான ஆதரவு தந்தன. அதுவரை அவரைக் கேலி செய்தவர்கள் பலர் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் முதலாவது சரியானதால் இரண்டாவதும் சரி என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். அது கணக்குக்கு ஒத்துவராது. ஒரு மண் பொம்மைக்கு மார்பும் இடுப்பும் இருப்பதாலேயே அது தெய்வமாகிவிடாது. விளையாட்டுப் பொம்மையா, வேண்டுதலுக்கு வைத்ததா, செய்வினைப் பாவையா என்று கிடைத்த இடத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இன்னும் பழையவை உண்டு. ஆஸ்திரியாவில் வில்லென்டோர்ஃபில் 1908ல் கிடைத்த பதினொரு சென்டிமீட்டர் சுண்ணாம்புக்கல் பெண் சுமார் முப்பதாயிரம் வருடப் பழமை. ஜெர்மனியின் ஹோலெ ஃபெல்ஸ் குகையில் 2008ல் கிடைத்த மாமத யானைத் தந்தப் பெண் அதற்கும் மூத்தவள். இவர்களுக்கும் சாதல்ஹூயூக்குக்கும் நடுவே இருபதாயிரம் வருடத்துக்குக் குறையாத இடைவெளி. அந்த இடைவெளியை 'ஒரே மரபு' என்று ஒரு வரியில் தாண்டுவது எழுத்தில் மட்டும்தான் முடியும். நம் நாட்டிலும் இப்படி ஒரு வேடிக்கை நடந்தது. உத்தரப் பிரதேசத்தின் பேலன் பள்ளத்தாக்கில், லோஹந்தா நாலாவில் கிடைத்த எலும்புத்துண்டு ஒன்றைப் பழைய கற்காலத் தாய்த்தெய்வம் என்று பல பாடநூல்கள் எழுதின. உற்றுப் பார்த்த வேறு அறிஞர்கள் அது உடைந்த மீன்குத்தி ஈட்டி என்றார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்றுமே தொடரவில்லை என்று நினைக்க வேண்டாம். மத்தியப் பிரதேசம் சீதி மாவட்டத்தில் பாகோர் என்ற இடம். 1980களின் தொடக்கத்தில் அலகாபாத் பல்கலைக்கழகமும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து தோண்டியபோது, மூன்றடிக்கும் குறைவான அகலத்தில் கல்லடுக்கி அமைத்த வட்டத் திட்டு ஒன்று கிடைத்தது. நடுவில், முக்கோணத்துக்குள் முக்கோணமாக இயற்கையாகவே வரியோடிய கல்லின் துண்டுகள். பத்தாயிரம் வருடத்துக்கு முந்தையது என்று கணித்தார்கள். தோண்டியவர்களை வியக்கவைத்தது வேறு: அந்தப் பக்கத்துக் கோல், பைகா மக்கள் இன்றும் அதே மாதிரி வரியோடிய முக்கோணக் கல்லை மேடையில் வைத்து அம்மனாகக் கும்பிடுகிறார்கள். பழைய மேடையைப் பார்த்ததும் உள்ளூர் ஆட்களுக்கு அது என்னவென்று சொல்லத் தெரிந்தது. இடையில் விடாமல் தொடர்ந்ததா, அல்லது அந்த மண்ணில் அந்தக் கல் இருப்பதால் மறுபடி மறுபடி அதே எண்ணம் தோன்றியதா என்று கேட்கலாம். கேட்டாலும், நம் நாட்டில் பெண் தெய்வ வழிபாட்டின் பழமைக்கு இதைவிட நெருக்கமான சான்று வேறில்லை என்பேன்.

சரி, நடந்து வந்த அம்மன்கள் யார்? ஒரு தெய்வம் இடம் மாறியதை எப்படிக் கண்டுபிடிப்பது? பொதுவான குணத்தை வைத்து முடியாது. மழை தருவாள், பிள்ளை தருவாள் என்பது எங்கும் இருக்கும். இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லாத ஒரு விவரம் இரண்டு இடத்தில் ஒத்திருந்தால், அதுவும் இடையில் வழியும் தேதியும் இருந்தால், அது பயணம்.

நல்ல உதாரணம் நனா. மெசப்பொத்தேமியாவின் உரூக் நகரத்தில், இப்போதைக்கு நாலாயிரம் வருடத்துக்கு முன்பே நனயா என்ற பெண் தெய்வம் உண்டு. இனன்னா என்றும் இஷ்தார் என்றும் சொல்லும் தெய்வத்தின் நெருங்கிய கூட்டு. அவள் ஈரான் வழியாக, இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கை ஒட்டிய பாக்திரியாவுக்கு வந்து, குஷாண மன்னர்களின் நாணயத்தில் ஏறிவிட்டாள். சில நாணயங்களில் சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஆப்கானிஸ்தானில் 1993ல் கிடைத்த ரபாதக் கல்வெட்டு, கனிஷ்கருக்கு அரசுரிமை கிடைத்தது நனாவிடமிருந்து என்று சொல்கிறது. வடக்கே துர்க்கைக்குச் சிங்கம் வந்ததில் இந்த நனாவுக்குப் பங்கு உண்டு என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். பலூசிஸ்தானின் ஹிங்லாஜ் அம்மனை அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் இன்றும் நானி என்றே அழைக்கிறார்கள்.

இதை நம் பக்கத்தோடு ஒட்டிப் பாருங்கள். தமிழ்க் கொற்றவைக்குச் சிங்கம் இல்லை, கலைமான்தான். தொல்காப்பியத்தில் கொற்றவை நிலை இருக்கிறது. திருமுருகாற்றுப்படை முருகனைக் கொற்றவையின் மகன் என்றும் 'பழையோள் குழவி' என்றும் சொல்கிறது. அந்தப் புலவருக்கே அவள் பழையவளாக இருந்திருக்கிறாள்! சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் வரும்போதும் அவள் பாய்ந்து செல்லும் மானின் மேல்தான். இப்போது மாமல்லபுரம் வராக மண்டபத்துக்குப் போய்த் துர்க்கைப் புடைப்பைப் பாருங்கள். மேலே ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் மான். வடக்கிலிருந்து வந்தவளும் இங்கே இருந்தவளும் ஒரே உருவத்துக்குள் வந்த தருணத்தைச் சிற்பி பதிவு செய்துவிட்டார். ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவர்கள் என்றால் விலங்கு இரண்டாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் சேர்ந்ததால்தான் இரண்டு விலங்கு.

சிபிலி என்ற பெண் தெய்வத்தின் பயணம் இன்னும் தெளிவு. கார்த்தேஜோடு நடந்த போரில் ரோமாபுரி தத்தளித்தபோது, குறிசொல்லும் ஏடுகளைப் பார்த்து, கி.மு. 204ல் இன்றைய துருக்கியிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை அரசு செலவில் கப்பலேற்றி வரவழைத்தார்கள். அந்தக் கல்தான் மகா தாய். வருடம் உண்டு, காரணம் உண்டு, கப்பல் உண்டு. ஐசிஸும் அப்படியே எகிப்திலிருந்து மாலுமிகளோடு கிளம்பி லண்டன் வரை போனாள். 'லண்டனில், ஐசிஸ் கோயிலருகே' என்று எழுதிய ரோமானியக் கூஜா அங்கே கிடைத்திருக்கிறது.

ஆனால் கப்பலும் வழியும் இல்லாமலே ஒத்துப்போகிறவர்கள் உண்டு. இசக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மெசப்பொத்தேமியாவில் லமஷ்து என்றொருத்தி, கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் கொண்டுபோகிறவள். அவளை விரட்டத் தாயத்து கட்டினார்கள். கிரேக்கத்தில் லாமியா, தன் பிள்ளைகளை இழந்து பிறர் பிள்ளையைத் தின்பவள். பௌத்தத்தில் ஹாரீதி, ஊர்ப் பிள்ளைகளைத் தின்றவள். புத்தர் அவளுடைய கடைசிப் பிள்ளையைத் திருவோட்டுக்கடியில் மறைத்துவைத்து அந்த வலியை உணர்த்தினார், பிறகு அவளே பிள்ளைகளின் காவலாகிவிட்டாள் என்பது கதை. காந்தாரத்திலிருந்து ஜப்பான் வரை கோயில் உண்டு. ஹாரீதி போன வழி பௌத்தம் போன வழி, அது பயணம். ஆனால் லமஷ்துவையும் இசக்கியையும் இணைக்க எந்த வழியும் இல்லை, தேவையும் இல்லை. மருத்துவம் இல்லாத காலத்தில் பிரசவம் என்பது எமன் வாசலுக்குப் போய்வருவது. பெற்றவள் சாகிறாள், பிள்ளை சாகிறது, ஏன் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப் போனவளே ஆத்திரத்தோடு திரும்பி வருகிறாள் என்று நினைப்பதற்கு பாபிலோனிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. அவளைச் சாந்தப்படுத்திச் சோறு கொடுத்து, நம் பிள்ளைக்குக் காவலாக்கிக்கொள்வதும் அதே பயத்தின் மறுபக்கம்.

புற்றும் அப்படித்தான். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு டோகோன் மக்களின் படைப்புக் கதையில் பூமி ஒரு பெண், கறையான் புற்று அவள் உடலின் உறுப்பு. மண்டைக்காட்டோடு தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் மழைக்குப் பிறகு ஈரத்தோடு, யாரும் கட்டாமல், மண் தானாக மேலே எழும்பி வளர்வதைப் பார்க்கும் எவருக்கும் மண்ணுக்கு உயிர் இருப்பதாகத் தோன்றும். கடலோரக் கன்னிக்கும் ஒரு துணை உண்டு. சீனாவின் ஃபூஜியன் கரையில் மெய்ட்சோ தீவில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த, மணம் செய்யாத இளம்பெண் ஒருத்தி இறந்தபின் மாட்சு என்ற கடல் தெய்வமானாள். தென்சீனக் கரையிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை சீன மீனவரும் மாலுமியும் அவளைத்தான் அழைக்கிறார்கள். குமரியின் மூக்குத்தி ஒளியை விளக்காக நினைத்துக் கப்பல்கள் வந்தன என்ற நம் கதையை ஒரு சீன மாலுமியிடம் சொன்னால் அவருக்கு விளக்கம் தேவைப்படாது.

ஒரே மூலம்தான் என்று அடித்துச் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எகிப்தை என்ன செய்வீர்கள்? அங்கே பூமி ஆண், பெயர் கெப். வானம் பெண், பெயர் நூத். பூமித்தாய் என்பது மனிதகுலத்தின் ஆதிச் சொத்து என்றால் இவ்வளவு பெரிய நாகரிகம் அதை எப்படித் தலைகீழாக்கியது? அம்மை நோயும் எல்லா இடத்திலும் அம்மனிடம் இல்லை. மேற்கு ஆப்பிரிக்க யொருபா மக்களிடம் அம்மைக்குரிய தெய்வம் சொப்போனா, ஆண்.

இடையில் ஒன்று. அம்மன் வழிபாடு இருந்த இடத்தில் பெண்ணுக்கு அதிகாரம் இருந்தது என்று பலர் சேர்த்துச் சொல்கிறார்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் அதை நம்பக்கூடாது. பகவதி கோயில்கள் நிறைந்த இந்த மண்ணில்தான் தோளில் சீலை போடும் உரிமைக்கு நாடார் பெண்கள் பல பத்தாண்டு போராடி, 1859ல் திருவிதாங்கூர் அரசரின் அறிவிப்பைப் பெற்றார்கள். தாய் ஆட்சியைப் பற்றிய பாகோஃபெனின் நூல் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. தாய்வழிச் சொத்துரிமையும் இங்கே இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள்வழியில் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் சாவி காரணவர் என்ற குடும்பத்து மூத்த ஆணின் இடுப்பில் இருக்கும். கட்டிக்கொண்டு வந்த மனைவியின் நிலை என்னவாயிற்று என்பதைத் தேரூர்க் கவிமணி, அவள் வாயாலேயே புலம்பவைத்து மருமக்கள்வழி மான்மியத்தில் எழுதிவிட்டார்.

குமரிக்கண்டத்துக்கு அதிகம் செலவிட வேண்டாம். அதோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்பது 1864ல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே இன விலங்குகள் எப்படி வந்தன என்பதற்காக ஊகித்த கண்டம். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்ததும் அதற்குத் தேவை இல்லாமல் போனது. ஆனால் கடல் நிலத்தைக் கொண்டது பொய்யல்ல. இருபதாயிரம் வருடத்துக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு நூற்றிருபது மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்து போகலாம். அப்படி முழுகிய கரையோரத்தில் மக்களும் வாழ்ந்திருப்பார்கள். அந்த மக்கள் என்ன தெய்வத்தைக் கும்பிட்டார்கள் என்பதற்குத்தான் ஒரு துண்டு ஓடுகூட நம் கையில் இல்லை. கையில் இருக்கும் சான்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 2004ல் கிடைத்த பானை ஓட்டில் ஒரு பெண்ணும் மானும் கொக்கும் புடைப்பாக இருக்கிறார்கள். மானைப் பார்த்ததும் கொற்றவை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஒரே ஒரு ஓட்டை வைத்து அதைச் சொல்வது லோஹந்தா நாலா வேலை.

கடைசியாக உங்கள் மாதா. 431ல் எபேசு நகரத்தில் கூடிய சபை மரியாளைக் 'கடவுளின் தாய்' என்று அறிவித்தது, அதே எபேசுதான் ஆர்தெமிஸ் கோயிலுக்குப் பேர்போன ஊர். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் ஐசிஸ் உருவமும் பிள்ளையேந்திய மாதாவும் பார்வைக்கு நெருக்கம். ஆனாலும் மாதாவுக்கு எழுதப்பட்ட வரலாறு தனியாக இருக்கிறது. நம் கரையில் அவள் பரவியது பதினாறாம் நூற்றாண்டில், போர்த்துக்கீசியரும் சவேரியாரும் வந்த காலத்தில். எனவே குமரியிலிருந்தோ பகவதியிலிருந்தோ மாதா பிறக்கவில்லை. ஆனால் கொடியேற்றம், பத்து நாள் திருவிழா, தேர், நேர்ச்சை, தொட்டில் கட்டுதல், முடியெடுத்தல் என்று கரையில் மாதாவுக்குச் செய்வதையெல்லாம் ஒரு லிஸ்பன்காரரிடம் காட்டினால் பாதியை அவர் அடையாளம் காண மாட்டார். மண்டைக்காட்டுக்காரர் காண்பார். தெய்வம் ஒரு வழியில் வந்தது, கும்பிடும் முறை இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது. நீங்கள் இதை மேற்கொண்டு ஆராய நினைத்தால், இஷ்தாரை விட்டுவிட்டு உங்கள் ஊர்ப் பாட்டிமாரிடமிருந்து தொடங்குங்கள். எந்த நோவுக்கு எந்தக் கோயிலில் என்ன நேர்ந்துகொண்டார்கள், மாதாவுக்கு நேர்ந்தது எது, இசக்கிக்கு நேர்ந்தது எது, இரண்டு இடத்துக்கும் போனவர்கள் யார் என்று ஊர் ஊராகக் குறித்து வையுங்கள். சாமியாடும் கோமரத்தாடிகளிடமும் வில்லுப்பாட்டுக்காரர்களிடமும் இருக்கும் கதை ஏடுகளைப் படமெடுத்து வையுங்கள், அவற்றில் பல இன்னும் அச்சேறவில்லை.